பொங்கல் விடுமுறையில் ஊர்ப் பறவைக் கணக்கெடுப்பு: கேள்வியைத் தேர்வது முதல் முடிவுகளை ஊரில் பேசுவது வரை

தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையை ஒட்டி நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பறவைகளைக் கவனித்து, பார்த்த இனங்களையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் என்னும் இலவசத் தளத்தில் பதிவு செய்யும் எவரும் இதில் பங்கேற்கலாம். பள்ளி ஆசிரியர், நூலகர், இளைஞர் மன்றத்தினர் போன்றோர் தங்கள் ஊரில் இதை ஒரு குழுவாக நடத்துவதற்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

புதிதாக நடத்துபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது பறவைகளை அடையாளம் காண்பதில் அன்று. வேலைகளின் வரிசை மாறிவிடுவதாலும், தரவு அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதாலும்தான் கணக்கெடுப்பு வெறும் காலை உலாவாகக் கரைந்துவிடுகிறது. கலந்துகொண்ட ஒருவர் தான் எழுதிய எண் எங்கே போனது, அதிலிருந்து என்ன தெரிந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் மட்டுமே இந்த முயற்சி மக்கள் அறிவியலாகிறது. கீழே உள்ள படிகள் அந்த நோக்கத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடப்பட்டவை.

1. பறவைகளுக்கு முன் ஒரு கேள்வி

ஒரு மாதத்துக்கு முன்பே, ஊரார் உண்மையாகவே கேட்கும் கேள்வி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். "எங்கள் ஏரிக்கு எந்தப் பறவைகள் வருகின்றன?" என்பது தொடக்கத்துக்குப் போதுமானதுதான். ஆயினும் "சிட்டுக்குருவி கடைத்தெருவில் இருக்கிறதா, வயலோரத்தில் இருக்கிறதா?" என்பது அதைவிட நல்ல கேள்வி. இதற்கு விடை காண இரண்டு இடங்களை ஒரே முறையில் பார்த்து ஒப்பிட வேண்டும் என்பது கேள்வியைப் படித்ததுமே விளங்கிவிடும்.

சிட்டுக்குருவியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கைபேசிக் கோபுரங்களால் அது அழிந்துவிட்டது என்ற பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பறவை ஆர்வலர்களின் பட்டியல்களை ஆராய்ந்து, பெருநகரங்களில் சிட்டுக்குருவி குறைந்து வந்தாலும் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அதன் நிலை பெரும்பாலும் மாறாமலே இருக்கிறது என்று காட்டியது. இந்த முடிவை மேடையில் அறிவித்தால் நம்பாதவர்கள், தங்கள் தெருவில் தாங்களே எண்ணிப் பார்த்தபின் அதைப் பற்றி நிதானமாகப் பேசுவார்கள். ஆகவே கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்போதே விடையையும் சொல்லிவிடாதீர்கள்.

இங்கே நேரும் பெரும் தவறு, காரணத்தைக் கேள்வியாக வைப்பது. "பூச்சிக்கொல்லியால் பறவைகள் குறைந்தனவா?" என்பதற்கு நான்கு நாள் கணக்கெடுப்பால் விடை தர முடியாது. எங்கே, எப்போது, எவை, எவ்வளவு என்ற கேள்விகளுக்கு மட்டுமே அது உதவும்.

2. இடத்தை நேரில் பார்த்து அனுமதி பெறுதல்

இரண்டு அல்லது மூன்று இடங்கள் போதும். ஒரு நீர்நிலை, ஒரு வயல்வெளி, ஒரு குடியிருப்புத் தெரு என வெவ்வேறு தன்மையுடையவையாகத் தேர்ந்தெடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்திருப்பதால் ஜனவரியில் ஏரி, கண்மாய்களில் நீர் இருக்கும். வலசை வந்த தகைவிலான், மஞ்சள் வாலாட்டி போன்றவையும் ஊரில் இருக்கும். எனவே அடர்ந்த காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. மேலும், தொலைவான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த ஆண்டு யாரும் அங்கே மீண்டும் போக மாட்டார்கள், ஒப்பீடும் நின்றுவிடும்.

தேர்ந்தெடுத்த இடத்துக்குக் கணக்கெடுக்கப் போகும் அதே நேரத்தில், அதாவது காலை ஆறரை மணியளவில், ஒருமுறை சென்று பாருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்க இடம் உண்டா என்பது அப்போதுதான் தெரியும். ஏரியின் மேற்குக் கரையில் கிழக்கு நோக்கி நின்றால் எல்லாப் பறவைகளும் கரிய உருவங்களாகவே தெரியும். புதியவர்கள் அங்கேயே சோர்ந்துவிடுவார்கள்.

தனியார் நிலமானால் உரிமையாளரிடமும், சரணாலயமானால் வனத்துறையிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற இடங்களில் இந்தப் பருவத்தில் நாரைகள் கூடு கட்டியிருக்கும் என்பதால், பெரிய குழுவை மரங்களின் அருகே கொண்டுபோகவே கூடாது. இடத்தைப் பார்க்கப் போகும்போது கரையோரத்தில் ஆடு மாடு மேய்ப்பவர்களிடமும் மீன் பிடிப்பவர்களிடமும் பேசுங்கள். எந்த மரத்தில் எது அடைகிறது என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே கைவிட்டவர்கள். இத்தகைய மனிதர்களிடம் முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு உங்கள் திட்டத்தைச் சொல்வதே முறை.

3. வீட்டிலேயே முடிக்க வேண்டிய ஆயத்தங்கள்

குழுத் தலைவராக இருப்பவர் இ-பேர்ட் கணக்கைத் தொடங்கி, அதன் செயலியைக் கைபேசியில் நிறுவி, நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை (அப்பகுதிப் பறவைகளின் பெயர்ப் பட்டியலை) முன்னதாகவே பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். தொகுப்பு இருந்தால் இணைய வசதி இல்லாத இடத்திலும் பட்டியல் எழுதலாம். வீடு திரும்பியபின் அனுப்பலாம். ஏரிக்கரையில் நின்றுகொண்டு கணக்குத் தொடங்க முயல்வதும், கடவுச்சொல்லைத் தேடுவதும் அடிக்கடி காணும் காட்சி. அதற்குள் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் முதல் அரை மணி நேரம் போய்விடும்.

சிறு குழந்தைகளின் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டாம். ஆசிரியரின் கணக்கிலோ பள்ளிக்கெனத் தொடங்கிய பொதுக் கணக்கிலோ பதிவு செய்தால் போதும். பட்டியல்களை உலகில் யாரும் பார்க்கலாம் என்பதால், வீட்டுத் தோட்டத்தில் எண்ணுபவர்கள் இடத்தின் பெயராக வீட்டு முகவரியை எழுதாமல் ஊர்ப் பெயரை மட்டும் எழுத வேண்டும். பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குவதும் இந்தக் கட்டத்தில்தான்.

தொலைநோக்கி எல்லோருக்கும் தேவையில்லை. ஐந்து பேருக்கு ஒன்று இருந்தாலே போதும். 8×42 அளவுள்ளது (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்டது) புதியவர்களின் கைக்கு ஏற்றது. குறிப்பேடும் பென்சிலும் எல்லோரிடமும் இருக்க வேண்டும். செயலியை ஒருவர் இயக்க, மற்றவர்கள் வெறுமனே நின்றால் அவர்களது கவனம் கலைந்துவிடும்.

4. உள்ளூர்ப் பறவை அட்டை

முந்நூறு பறவைகள் உள்ள கையேட்டைப் புதியவரிடம் கொடுத்தால் அவர் படத்துக்கும் மரத்துக்கும் இடையே திணறுவார். உங்கள் இடத்தில் கட்டாயம் காணக்கூடிய 25 பறவைகளை மட்டும் ஒரு தாளில் அச்சிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரில் வழங்கும் பெயர், நூல்களில் உள்ள தமிழ்ப் பெயர், செயலியில் வரும் ஆங்கிலப் பெயர் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். ஊர்ப் பெயரை விட்டுவிட்டால் பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். அதே சமயம் ஊர்ப் பெயரை மட்டுமே நம்பினால் பதிவு தவறிவிடும்: கரிச்சான் என்பது நீண்ட பிளவுபட்ட வாலுடைய இரட்டைவால் குருவி, குண்டுக்கரிச்சானோ வெள்ளை வயிறும் பாடும் குரலும் உடைய வேறு பறவை.

அடிக்கடி குழப்பும் இணைகளை அட்டையின் மறுபக்கத்தில் தனியே தாருங்கள். கழுத்தில் சாம்பல் நிறம் உள்ளது வீட்டுக் காகம்; முழுவதும் கருமையாகத் தடித்த அலகோடு இருப்பது அண்டங்காக்கை. கரிய அலகும் மஞ்சள் பாதமும் சின்னக் கொக்குக்கு. மாட்டின் பின்னால் நடக்கும் மஞ்சள் அலகுக்காரர் உண்ணிக்கொக்கு. மடையான் அமர்ந்திருக்கும்போது மண்ணிறமாகவும் பறக்கும்போது வெள்ளைச் சிறகோடும் தெரிவதால், ஒரே பறவையைப் புதியவர்கள் இரண்டாக எழுதிவிடுவார்கள். குயிலில் ஆண் கருமை, பெண் புள்ளியிட்டது. வல்லூறையும் அக்காக்குயிலையும் பிரித்தறிவது பழகியவர்களுக்கே சற்றுக் கடினம் என்பதால், அவற்றைத் தெரியாதவர்கள் எழுத வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடலாம்.

5. ஒத்திகை நடை

கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, பள்ளி வளாகத்திலேயே 15 நிமிட ஒத்திகை நடத்துங்கள். இதைத் தவிர்க்கும் குழுக்களை முதல் நாளின் பட்டியல்களைப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம்: தொடங்கிய நேரம் இருக்காது, எண்ணிக்கை இருக்காது, பெயர்கள் மட்டும் இருக்கும். ஒத்திகையில் எல்லோரும் தனித்தனியே எண்ணிய மைனாக்களின் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதி, ஏன் வேறுபடுகிறது என்று பேசுங்கள். ஒருவர் திரும்ப வந்த பறவையை மறுபடி எண்ணியிருப்பார். இன்னொருவர் குரலை விட்டிருப்பார். அளவீட்டில் பிழை இயல்பானது, அதைக் குறைக்க முறை வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் வழி எனக்குத் தெரிந்து வேறில்லை.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியையும் இங்கேயே அறிமுகம் செய்யுங்கள். அது தரும் பெயரைத் தேடிப் பார்ப்பதற்கான குறிப்பாக மட்டும் கொள்ள வேண்டும். திரையில் தோன்றியதையெல்லாம் அப்படியே பட்டியலில் ஏற்றுவது இப்போது மிகவும் பரவிவிட்ட தவறு.

6. கணக்கெடுக்கும் காலை

காலை ஆறரை முதல் எட்டரை வரை ஏற்ற நேரம். மாட்டுப் பொங்கலன்று கூட்டமும் ஒலிபெருக்கியும் இருக்கும் ஊர்களில், முதன்மையான நடையை மற்ற நாட்களில் வையுங்கள். ஒரு குழுவில் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். ஒருவர் செயலியில் எழுதுபவர், ஒருவர் நேரத்தையும் பாதையையும் கவனிப்பவர், மற்றவர்கள் பார்த்து எண்ணுபவர்கள் எனப் பொறுப்புகளைப் பிரித்து, அடுத்த பட்டியலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இடத்தை அடைந்து, எண்ணத் தொடங்கும் நொடியில் பட்டியலைத் தொடங்க வேண்டும். நின்ற இடத்திலேயே பார்த்தீர்களா, நடந்தீர்களா, எவ்வளவு தூரம் என்பனவற்றைச் செயலி பதிந்துகொள்ளும். பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ ஏறுமுன் பட்டியலை முடித்துவிடுங்கள். மறந்தால் பத்து கிலோமீட்டர் நடந்ததாகப் பதிவாகும். காலை முழுவதையும் ஒரே பட்டியலாக எழுதுவதைவிட, ஏரிக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று எனப் பதினைந்து முதல் முப்பது நிமிடப் பட்டியல்களாகப் பிரிப்பதே சிறந்தது. எந்தப் பறவை எந்த வாழிடத்தில் இருந்தது என்பது அப்போதுதான் மிஞ்சும்.

பறவையை வரவழைக்க அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிடக் கூடாது. கூட்டின் அருகே போய்ப் படம் எடுப்பதும் கூடாது. தாய்ப்பறவை விலகும் சில நிமிடங்களில் காகம் முட்டையை எடுத்துவிடும் என்ற காரணத்தைச் சொன்னால் குழந்தைகள் தாங்களாகவே கட்டுப்படுவார்கள்.

7. முழுமையான பட்டியல்

இந்த வேலையின் அறிவியல் பெரும்பாலும் ஒரே கேள்வியில் அடங்கியிருக்கிறது. பட்டியலை முடிக்கும்போது, நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா என்று செயலி கேட்கும். "ஆம்" என்று சொல்ல வேண்டுமானால், காகமும் மாடப்புறாவும் உட்பட எதையும் விட்டிருக்கக் கூடாது.

புதியவர்கள் இதில்தான் வழுக்குகிறார்கள். காகத்தை எழுதுவது வீண் என்று நினைத்து, அழகான பறவைகளையும் அரியவற்றையும் மட்டும் எழுதிவிட்டு "ஆம்" என்று அழுத்திவிடுவார்கள். அந்தப் பட்டியலைப் பின்னாளில் படிக்கும் ஆய்வாளருக்கு, அன்று அந்த ஊரில் காகமே இல்லை என்று பொருள்படும். ஏனெனில் முழுமையான பட்டியலில் ஒரு பெயர் இல்லாததும் ஒரு தகவல்தான்: இத்தனை நிமிடம் பார்த்தும் அது கண்ணில் படவில்லை.

இத்தனை முழுமையான பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை இடம்பெற்றது என்ற விகிதத்தை ஆண்டுகள்தோறும் ஒப்பிட்டே, அது பெருகுகிறதா அருகுகிறதா என்று மதிப்பிடுகிறார்கள். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அளித்த மூன்று கோடிக்கும் மேலான பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. மயிலும் குயிலும் பெருகியிருப்பதையும், மின்கம்பிகளில் சாதாரணமாகக் காணப்பட்ட பனங்காடை குறைந்திருப்பதையும் அது காட்டியது. பனங்காடை இல்லாத பட்டியல்களை யாரும் அனுப்பாமல் இருந்திருந்தால் இந்தச் சரிவு கணக்கில் வந்தே இருக்காது. இதை நடைக்கு முன்பே, இரண்டு நிமிடமாவது ஒதுக்கிக் குழுவுக்குச் சொல்லுங்கள். காகத்தை எண்ணும் குழந்தையின் முகமே மாறிவிடும்.

அடையாளம் தெரியாத பறவைகள் இருந்தாலும் பட்டியல் முழுமையானதுதான். அறிந்தவற்றில் எதையும் மறைக்கவில்லை என்பதே நிபந்தனை. கொக்குதான், எந்தக் கொக்கு என்று தெரியவில்லை என்றால், இனம் குறிக்காத பொது வகையில் பதியச் செயலியிலேயே இடம் உண்டு. ஊகித்து எழுதிய இனப்பெயரைவிட அது எவ்வளவோ மேல்.

8. எண்ணும் முறை

எண்ணிக்கைக்குப் பதில் "எக்ஸ்" குறியிடச் செயலி அனுமதிக்கிறது; புதியவர்கள் அதைப் பயன்படுத்தாமல் பழகுவது நல்லது. பத்தா, ஆயிரமா என்று தெரியாத பதிவு பாதி பயனையே தரும். கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைக்கும் இடத்தை மனதில் கொண்டு, மொத்தக் கூட்டத்தில் அப்படி எத்தனை பங்கு இருக்கிறது என்று மதிப்பிடுங்கள். இருவர் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிட்டால் பிழை குறையும். பழகாதவர்கள் பெரிய கூட்டத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

9. அன்றே அனுப்பிப் பகிர்தல்

பட்டியலை அன்று மாலைக்குள் சரிபார்த்து அனுப்புங்கள். ஒரு நாள் கடந்தால் நினைவு தன் விருப்பப்படி திருத்தத் தொடங்கிவிடும்.

ஒரே குழுவில் நடந்த ஆறு பேரும் ஆறு பட்டியல்களைத் தனித்தனியே அனுப்பினால், ஒரே நாற்பது கொக்குகளும் ஆறு முறை பதிவாகும். ஒருவர் மட்டும் பட்டியலை அனுப்பி, செயலியில் உள்ள பகிர்வு வசதியின் வழியாக மற்றவர்களைச் சேர்க்க வேண்டும். அப்போது எல்லோர் கணக்கிலும் அது இடம்பெறும். ஆய்வில் ஒரு முறை மட்டுமே கொள்ளப்படும். பள்ளிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் சான்றிதழ் தர வேண்டும் என்ற ஆவலில் இந்தத் தவறு நேர்கிறது. சான்றிதழைப் பங்கேற்புக்கு உரியதாக வையுங்கள். பட்டியல்களின் எண்ணிக்கையோடு அதை இணைக்காதீர்கள்.

10. சரிபார்ப்பவரிடமிருந்து கேள்வி வந்தால்

வழக்கத்துக்கு மாறான இனமோ எண்ணிக்கையோ இருந்தால், பதியும்போதே செயலி விவரம் கேட்கும். பின்னர் அப்பகுதியை அறிந்த தன்னார்வலர் ஒருவர் மின்னஞ்சலில் படமோ விளக்கமோ கேட்கக்கூடும். இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு மனம் வருந்தி விலகியவர்கள் உண்டு.

அந்த மின்னஞ்சலைக் குழுவின் முன் வாசித்துக் காட்டுங்கள். அளவு, அலகு, நிறம், செய்துகொண்டிருந்த செயல், பார்த்த தொலைவு ஆகியவற்றைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதிப் பதில் அனுப்புங்கள். போதிய சான்று இல்லையென்றால் பதிவைப் பொது வகைக்கு மாற்றிவிடுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் சான்று கேட்டுச் சோதிப்பதுதான் அறிவியலின் அன்றாட நடைமுறை. அதை மாணவர்கள் பாடநூலில் படித்திருப்பார்கள், இங்கே தாங்களே அதற்கு உட்படுகிறார்கள்.

11. முடிவுகளை ஊருக்குத் திருப்பித் தருதல்

பெரும்பாலான குழுக்கள் விட்டுவிடும் படி இது. மொத்த முயற்சியில் பாதியை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. இரண்டு வாரத்துக்குள் செய்யாவிட்டால் ஆர்வம் தணிந்துவிடும் என்பதால், நாளையும் இடத்தையும் கணக்கெடுப்புக்கு முன்பே குறித்துவிடுங்கள்.

ஒரு பக்க அறிக்கை போதும். உங்கள் குழுக்கள் 20 பட்டியல்கள் அனுப்பியதாகக் கொள்வோம். மைனா 18 பட்டியல்களிலும் பனங்காடை 3 பட்டியல்களிலும் இருந்தால், முறையே 90 விழுக்காடு, 15 விழுக்காடு என்று பட்டை வரைபடமாக வரையலாம். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்பு மாணவர்களே போட வேண்டும். ஆசிரியர் போட்டுத் தரக் கூடாது. அறிக்கையைப் பள்ளிச் சுவரிலும், நூலகத்திலும், ஊராட்சி அலுவலகத்திலும், இடம் காட்டிய மேய்ப்பர்கள் கூடும் தேநீர்க் கடையிலும் ஒட்டுங்கள். கிராம சபைக் கூட்டம் குடியரசு நாளான ஜனவரி 26 அன்று நடப்பதால், பொங்கல் கணக்கெடுப்பின் முடிவை மாணவர் ஒருவர் ஐந்து நிமிடம் அங்கே வாசிப்பதற்குக் காலம் மிகப் பொருத்தமாக அமைகிறது.

அறிக்கையில் மூன்று தவறுகளைத் தவிர்க்க வேண்டும். முதல் ஆண்டு 20 பட்டியல்களும் மறு ஆண்டு 60 பட்டியல்களும் இருந்தால் மொத்தக் காகங்கள் மூன்று மடங்காகலாம். காகம் பெருகியதாக அதற்குப் பொருளில்லை, பார்த்த கண்கள் பெருகியுள்ளன. எனவே மொத்தத்தை ஒப்பிடாமல் விகிதத்தை ஒப்பிடுங்கள். அடுத்து, ஓர் ஆண்டில் பார்க்காத பறவையை "அழிந்தது" என்று எழுதாதீர்கள். கடைசியாக, கூடு இருக்கும் மரத்தையும் ஆந்தை அடையும் பொந்தையும் அறிக்கையில் அடையாளம் காட்டாதீர்கள். படம் எடுப்போரும் பிடிப்போரும் அதைப் படிக்கக்கூடும்.

கேள்வி நேரத்தில் யாராவது "நம் ஏரியில் ஏன் குறைவு?" என்று கேட்டால், இந்தத் தரவால் ஏன் என்பதற்கு விடை சொல்ல முடியாது என்று தயங்காமல் சொல்லுங்கள். அதை அறிய எதை அளக்க வேண்டும் என்று கூட்டத்தையே யோசிக்க விடுங்கள். நீர்மட்டம், கருவேல மரங்கள், குப்பை கொட்டும் இடம் எனப் பலரும் சொல்லத் தொடங்குவார்கள். அடுத்த கேள்வி அங்கிருந்து பிறக்கும்.

12. அதே இடம், அதே நேரம்

பிப்ரவரி நடுவில் உலகெங்கும் நான்கு நாட்கள் நடக்கும் பெரும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் அதே இடங்களுக்கு மீண்டும் செல்லுங்கள். இந்தியாவில் 2013 முதல் அதில் பலரும் பங்கேற்கிறார்கள். பிறகு மாதம் ஒருமுறை, ஒருவர் மட்டுமாவது, அந்த ஏரிக்கரையில் 15 நிமிடம் நின்று ஒரு பட்டியல் அனுப்பினால், தகைவிலான் எந்த மாதத்தில் கிளம்பியது, எப்போது திரும்பியது என்பதை உங்கள் ஊரின் பதிவிலிருந்தே சொல்ல முடியும். இதற்கான பொறுப்பை ஒரே ஆசிரியரிடம் விடாமல், ஏரிக்கு அருகில் குடியிருக்கும் இருவரிடம் ஒப்படையுங்கள். ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் பட்டியல் நிற்காது.